லாங் டியூப் ஹெடர்: குழாயின் நீளத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஹெடர் பேச்சு வராமல் இருக்காது. இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகக் கம்பெனி மாட்டிய உறுப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டும் குழாய்த் தொகுப்புதான் ஹெடர். "மாட்டிப் பாருங்க, வண்டி பறக்கும்" என்பார் ஒருவர். "பேக் பிரஷர் போயிடும், இழுவை செத்துடும்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர், சத்தத்துக்காகத்தான் மாட்டினேன் என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். என் அனுபவத்தில் மூவரில் உண்மைக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

முதல் இருவரும் முழுக்கப் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் குழப்பம். ஹெடர் என்றால் புகை வெளியேறும் வழியை அகலமாக்கும் சாமான் என்று நினைத்துவிடுகிறார்கள். வழியை அகலமாக்குவது அதன் சின்ன வேலை. பெரிய வேலை, சரியான நேரம் பார்த்து இன்ஜினிலிருந்து புகையை இழுப்பது. அந்த "நேரம்" புரிந்துவிட்டால், ஏன் நீளம், ஏன் இவ்வளவு விட்டம், யாருக்கு இது தேவை, யாருக்குத் தேவையே இல்லை என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

கம்பெனி மாட்டி அனுப்புவது என்ன?

வி8 இன்ஜின் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் வரிசைக்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த வாயு வெளியே வர ஒரு துளை உண்டு. அந்த நான்கு துளைகளையும் சேர்த்து ஒரே வழியாக்கும் உறுப்புக்குப் பெயர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. டிரக்குகளில் பல காலமாக இது கனமான வார்ப்பிரும்புத் துண்டு. நான்கு அறைகளின் கதவுகளும் ஒரே குறுகலான நடைபாதையில் திறப்பதைப் போன்ற அமைப்பு.

இதை மட்டமான சாமான் என்று சொல்லிவிடக் கூடாது. விலை குறைவு, இடம் அடைக்காது, சத்தத்தை அமுக்கும், எளிதில் ஓட்டை விழாது, வெப்பத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். லட்சக்கணக்கான வண்டிகளைச் செய்து, பல வருடம் உத்தரவாதமும் தருகிறவர் வேறு என்ன செய்வார்?

ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். இந்தத் தனிக் குழாய்க்கு பிரைமரி என்று பெயர். நான்கு பிரைமரிகளும் கீழே ஒரு கூம்பில் வந்து சேரும். அந்தச் சந்திப்பு கலெக்டர். பிரைமரி 30, 40 செ.மீ. அளவில் முடிந்துவிட்டால் அது ஷார்ட்டி. 70 முதல் 90 செ.மீ. வரை நீண்டு, வண்டியின் அடிப்பக்கம் வரை இறங்கினால் அது லாங் டியூப்.

புகை ஆறு போல் ஓடுவதில்லை

சைலன்சர் வாயில் கையை நீட்டினால் காற்று தொடர்ச்சியாக வருவது போலத்தான் இருக்கும். இன்ஜின் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே வாயு வருவது துண்டு துண்டாக, வெடிப்பு வெடிப்பாக.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் தன் வேலையை ஒருமுறை முடிக்க இன்ஜின் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். காற்றும் எரிபொருளும் உள்ளே வரும், அழுத்தப்படும், எரிந்து பிஸ்டனைத் தள்ளும், எரிந்தது வெளியே போகும். பிஸ்டன் கீழே போய்ச் சேர்வதற்கு முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறக்க ஆரம்பித்துவிடும். அப்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு. ஊதிய பலூனில் ஊசி பட்டது போல வாயு பாயும். நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும் இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 33 முறைக்கு மேல் இப்படி வெடித்துத் துப்புகிறது. இடைப்பட்ட நேரத்தில் அந்தத் துளையிலிருந்து எதுவும் வராது.

இனி சுவாரசியமான இடம். ஜெனரல் மோட்டார்ஸ் எல்எஸ் குடும்பத்து வி8 இன்ஜின்களில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-7-2-6-5-4-3. இடது பக்கத்தில் ஒற்றைப்படை எண்கள், வலது பக்கத்தில் இரட்டைப்படை. இன்ஜின் 90 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஏதோ ஒரு சிலிண்டர் எரியும். மொத்தமாகப் பார்த்தால் ஒரே சீர். ஆனால் இடது பக்கத்தை மட்டும் பாருங்கள். வரிசையின் கடைசியில் 3, அதை அடுத்து மறுபடி முதலில் 1. ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து எரிகின்றன. வலது பக்கத்தில் 2-க்கும் 6-க்கும் இதே கதி.

எக்ஸாஸ்ட் வால்வு ஒருமுறை திறந்தால் 200 டிகிரிக்கு மேல் திறந்தே இருக்கும். அதாவது, 3-ஆம் சிலிண்டர் தன் புகையைப் பாதிகூடத் தள்ளி முடிக்காத நேரத்தில் 1-ஆம் சிலிண்டர் படாரென்று திறக்கிறது. குறுகலான மேனிஃபோல்டுக்குள் அந்தப் புது வெடிப்பு வெளியே மட்டும் போகாது, திறந்திருக்கும் 3-க்குள்ளும் முட்டும். அமெரிக்க வி8-க்கே உரிய அந்தத் தடதட உறுமல் இருக்கிறதே, அது பிறப்பதும் இந்தச் சீரற்ற இடைவெளியில்தான்.

இதைச் சரிக்கட்ட ஒருகாலத்தில் எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதற்கு 1960-களின் ஃபோர்டு ஜிடி40 ரேஸ் காரைச் சொல்லலாம். இடது பக்கக் குழாய்கள் சிலவற்றை வலது பக்கத்துக்கும் வலதை இடதுக்கும் குறுக்கே கொண்டுபோய், துடிப்புகள் சம இடைவெளியில் வரும்படி பின்னியிருந்தார்கள். பார்க்கப் பாம்புக் கூட்டம் போலவே இருந்ததால் அதற்கு அப்படியே பெயரும் வந்துவிட்டது. டிரக்கில் அதற்கு இடம் ஏது! அதனால் தனித்தனி நீளக் குழாய்களோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

இதுவரை பார்த்தது: புகை துடிப்புகளாக வருகிறது. ஒரு சிலிண்டரின் துடிப்பு பக்கத்துச் சிலிண்டருக்கு இடைஞ்சல் செய்கிறது. தனிக் குழாய்கள் அந்த இடைஞ்சலைத் தூரத்தில் நிறுத்துகின்றன.

தள்ளுவது பிஸ்டன், இழுப்பது யார்?

இடைஞ்சலை நிறுத்துவதோடு கதை முடிந்திருந்தால் ஷார்ட்டி ஹெடரே பாதி வேலையைச் செய்துவிடும். நீளம் வேறு ஒரு காரியத்துக்காக.

எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும் தறுவாயில் ஒரு குறுகிய நேரம், புகை போகும் வால்வும் புதுக்காற்று வரும் வால்வும் ஒரே சமயத்தில் கொஞ்சம் திறந்திருக்கும். இதை ஓவர்லாப் என்பார்கள். அந்த நொடித்துணுக்கில் எக்ஸாஸ்ட் பக்கம் லேசான உறிஞ்சல் இருந்தால், மிச்சம் மீதிப் புகை வெளியே போய், அந்த இடத்தில் புதுக்காற்று நுழையும். இப்படி வழித்தெடுப்பதற்கு ஸ்கேவெஞ்சிங் என்று பெயர். சிலிண்டரில் புதுக்காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். சக்தி அங்கிருந்துதான் வருகிறது.

உறிஞ்சல் இரண்டு வழியில் கிடைக்கிறது. முதலாவது எளிது. வேகமாக ஒரு பஸ் கடந்து போனால் சாலையில் கிடக்கும் காகிதமும் தூசியும் அதன் பின்னாலேயே பறந்து போகும். குழாயில் விரையும் வாயுத் துண்டும் அப்படித்தான், தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை விட்டுச் செல்கிறது.

இரண்டாவது கொஞ்சம் மாயம் போல இருக்கும். கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்து மேல்நோக்கி ஒரு உதறு உதறுங்கள். ஒரு மேடு கிளம்பித் தூண் வரை ஓடும். திரும்பி வரும்போது மேடாக வராது, பள்ளமாக வரும். எக்ஸாஸ்ட் குழாயிலும் இதே கதைதான். வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை கிளம்பும். குறுகலான பிரைமரி முடிந்து, அகலமான கலெக்டரில் திறக்கும் இடம்தான் அதற்குத் தூண். அங்கே மோதும் அழுத்தம் உறிஞ்சலாக மாறி, வந்த வழியே வால்வுக்குத் திரும்புகிறது. வாயு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே அலை மட்டும் எதிர்த்திசையில் திரும்பி வரும்.

அது எப்போது வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிணற்றில் குரல் கொடுத்தால் ஆழமான கிணறு தாமதமாகத்தான் பதில் சொல்லும். குழாயும் அப்படியே. சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 600 டிகிரி வெப்பமுள்ள எக்ஸாஸ்ட் வாயுவில் 600 மீட்டரை நெருங்கும். 80 செ.மீ. குழாயில் போய்த் திரும்புவது சில மில்லி செகண்ட் சமாச்சாரம். இன்ஜினும் அதே அளவுகோலில்தான் ஓடுகிறது: 5000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5000 சுற்றில், முழுச் சுற்றே 12 மில்லி செகண்ட்தான். ஓவர்லாப் திறந்திருப்பது அதில் ஒன்றிரண்டு. அந்த இடுக்கில் உறிஞ்சல் வந்து சேர்ந்தால் லாபம். முன்னாலேயே வந்துவிட்டால் வீண். அழுத்தமாக ஏதாவது வந்தால் நஷ்டம்கூட.

இன்ஜின் வேகம் மாறும், அலையின் வேகம் பெரிதாக மாறாது. ஆகவே எந்த ஹெடரும் எல்லா ஆர்பிஎம்மிலும் நன்றாக வேலை செய்ய முடியாது. நீளம் கூடக் கூட, அலை தாமதமாகத் திரும்பும். நிதானமாக ஓடும் இன்ஜினுக்கு அது பொருந்தும். டிரக்குக்கு லாங் டியூப்பைச் சொல்வது இதனால்தான். டிரக் இன்ஜின்கள் ரேஸ் இன்ஜின் போல 8000-த்தில் கத்துவதில்லை. ஷார்ட்டியில் எதிரொலி ரொம்பச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

சுருக்கமாக: கிளம்பிய அழுத்தம் உறிஞ்சலாகத் திரும்பி வருகிறது. அது வந்து சேரும் நேரத்தைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது.

பேக் பிரஷர் என்ற பேய்

"இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்" என்பதை அனுபவசாலி மெக்கானிக்குகளே சொல்வார்கள். பேக் பிரஷர் என்பது புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம். அது எந்த இன்ஜினுக்கும் நல்லதில்லை. அதை எதிர்த்துத் தள்ளப் பிஸ்டன் செலவழிக்கும் உழைப்பு முழுக்க வீண்.

அப்படியானால் அவர்கள் கண்டது பொய்யா? இல்லை, கண்டது நிஜம், காரணம்தான் தப்பு. பெரிய குழாய் மாட்டினார்கள், குறைந்த வேகத்தில் இழுவை குறைந்தது, பேக் பிரஷர் போனதால்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் போனது வாயுவின் வேகம். தோட்டத்து ஹோஸ் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரப் பாயும், விரலை எடுத்தால் காலடியிலேயே விழும். குழாய் அகலமானால் வாயு மெதுவாகும், மெதுவானால் பின்னால் இழுக்கும் சக்தி குறையும்.

கடையில் கிடைக்கும் பிரைமரி விட்டங்களில் 1⅝, 1¾, 1⅞ அங்குலம் ஆகியவை சகஜம். கால் அங்குலத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். 1⅝-இலிருந்து 1⅞-க்குப் போனால் குழாயின் குறுக்குப் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதே அளவு வாயு அந்த விகிதத்தில் மெதுவாகும். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் எதுவும் மாற்றாத 5 லிட்டர் சொச்ச இன்ஜினுக்கு 1¾ தாராளம். பெரியதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

எவ்வளவு கிடைக்கும்?

ஷெவர்லே சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8 தருவது 355 குதிரைத்திறன். அந்த மாதிரி இன்ஜினில் லாங் டியூப் மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்குகளையும் அதற்கேற்றபடி மாற்றினால், பத்திலிருந்து இருபத்தைந்து குதிரைத்திறன் வரை கூடலாம். விளம்பரத்தில் போடும் எண் உச்ச ஆர்பிஎம்மில் கிடைத்த எண். டிரக்கை நாம் பெரும்பாலும் ஓட்டுவதோ 1500, 2000 ஆர்பிஎம்மில். அங்கே வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாரம் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது, முள் 3000-ஐத் தாண்டிய பிறகுதான் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு, கூடியிருப்பது காலுக்குத் தெரியும்.

மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். டர்போ இன்ஜினுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே புகையின் சக்தி நேரே டர்போவைச் சுற்றப் போக வேண்டும்.

சென்சாரும் கன்வெர்ட்டரும்

வாங்கும்போது பலர் மறந்துவிடும் பகுதி இது.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புகையிலுள்ள நச்சு வாயுக்களை வேதிவினையால் மாற்றும் பெட்டி. சுமார் 250, 300 டிகிரி சூடேறினால்தான் அது வேலையே தொடங்கும். அதனால்தான் இன்றைய வண்டிகளில் அதை இன்ஜினுக்கு ஒட்டியே வைக்கிறார்கள். லாங் டியூப் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பெட்டி பின்னால் தள்ளிப்போகிறது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது அது சூடேற நேரமாகும், அதுவரை புகை அப்படியே வெளியே போகும். டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, பி0420 அல்லது பி0430 என்று பிழைக் குறியீடு வந்தால், பெட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டால்? அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் அதைத் தடுக்கிறது. கலிஃபோர்னியாவில் ஹெடருக்கே அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். ஷார்ட்டிக்கு அந்த எண் கிடைப்பது சுலபம், பெட்டியை நகர்த்தும் லாங் டியூப்புக்குக் கஷ்டம். சட்டத்தை விடுங்கள், பெட்டி இல்லாத வண்டிக்குப் பின்னால் சிக்னலில் ஒருமுறை நின்றவர்கள் அந்த யோசனையைத் தாங்களே கைவிட்டுவிடுவார்கள்.

ஆக்சிஜன் சென்சார் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதை வைத்துத்தான் எரிபொருள் அளவு கூட்டப்படுவதும் குறைக்கப்படுவதும். ஹெடரில் இது கலெக்டருக்கு இறங்கிவிடுவதால் வயர் எட்டாது. நீட்டிப்பு வயர் போட வேண்டும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. சென்சாருக்கு முன்னால் எங்காவது நூலளவு கசிவு இருந்தால் புகை வெளியே வரும் என்றுதான் நினைப்போம். ஆனால் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே குழாயில் உறிஞ்சல் இருக்கிறதே! அப்போது வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து எரிபொருள் போதவில்லை என்று சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பி எரிபொருளைக் கூட்டும். வண்டி குடித்துத் தள்ளும். நல்லா இருந்த இன்ஜினை ஹெடர் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களின் கதை பல நேரம் ஒரு கேஸ்கெட்டில், அதாவது இணைப்பில் கசிவைத் தடுக்க நடுவே வைக்கும் தகட்டில், போய் முடியும்.

மாட்டும் நாள்

தேற்றமெல்லாம் அழகு. நடைமுறையில் இந்த வேலையின் வில்லன் பழைய போல்ட்.

நண்பர் ஒருவரின் டிரக்கில் மேனிஃபோல்டைக் கழற்றும்போது நானும் கூட இருந்தேன். பதினொரு போல்ட் சமர்த்தாக வந்தது. கடைசி ஒன்று, கேபினை ஒட்டியிருந்த மூலையில். முதலில் லேசாகச் சுழன்றது, அப்புறம் வெண்ணெய் மாதிரி இலகுவாகிவிட்டது. அந்த இலகு வந்த உடனே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தலை கையோடு வந்துவிட்டது, உடல் இன்ஜினுக்குள். மிச்சத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டில் அது இளகிய பிறகு திருகி எடுத்தோம். அரை நாள் வேலை இரண்டு நாளானது.

மூலை போல்ட் உடைவதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு மேனிஃபோல்டும் அலுமினிய இன்ஜின் தலையும் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும். நீளத் துண்டில் அந்த நகர்வு அதிகமாகத் தெரிவது முனைகளில். வருடக்கணக்கில் அந்த போல்ட்டுகள் இருபுறமும் இழுபட்டுக் களைத்திருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே இரண்டு மூன்று முறை அடித்து வைப்பது உதவும்.

அடுத்தது இடம். குழாய் ஸ்டீயரிங் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்பார்க் பிளக் வயர், பிரேக் குழாய்கள் என்று எல்லாவற்றையும் உரசாமல் இறங்க வேண்டும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியென்றால் முன் அச்சுக்குப் போகும் தண்டும் குறுக்கே நிற்கும். குளிர்ந்திருக்கும்போது விரல் நுழைந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. 80 செ.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய் 600 டிகிரி சூடேறினால் சுமார் 8 மி.மீ. நீளும். இன்ஜினும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ரப்பர் மவுண்ட்டில் சாயும். பிளக் வயருக்கு வெப்பம் தாங்கும் உறை போடுவது அவசியம். சாதா இரும்புக் குழாயைத் துணிநாடா சுற்றி மூடுவது எனக்குப் பிடிக்காத வேலை. ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும்.

ஹெடரோடு காகித கேஸ்கெட் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு, பல அடுக்கு எஃகுத் தகட்டில் செய்ததைப் போடுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, பிறகு நடுவிலிருந்து முனைகளை நோக்கி, டார்க் ரென்ச்சில் அந்த இன்ஜினுக்குச் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் குழாயிலிருந்து புகை எழும்பும். பயப்பட வேண்டாம், ஒட்டியிருந்த எண்ணெயும் கைரேகைகளும் எரிகின்றன. நன்றாகச் சூடேறி, முழுக்க ஆறிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு நிச்சயம் இளகியிருக்கும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரே நல்ல நேரம் காலையில், வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு. டிக் டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வந்தால் அது கசிவு. ஐந்து நிமிடத்தில் உலோகம் விரிந்து இடுக்கை அடைத்துவிடும், சத்தமும் போய்விடும். மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது வண்டி சமர்த்தாக நிற்கும், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார். ராத்திரியே அவரிடம் விட்டுவிட்டு வருவதுதான் வழி.